தானாகப் பிடிக்கும் பிரேக்

வண்டி ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது. பிரேக் லைனிங் கருகினால் வருகிற நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. தலைமுடியைச் சுட்டதுபோலவும் இருக்கும், பழைய ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டதுபோலவும் இருக்கும். சிறுமலையில் வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி வேன் அச்சு முறிந்து நின்றுவிட்டது. அதை எங்கள் ரெக்கவரி வண்டியின் தட்டில் ஏற்றிக்கொண்டு டிரைவர் அண்ணன் கீழே இறங்கி வந்திருந்தார். தட்டின் மேல் வேன் அப்படியே இருந்தது. நான் வேனைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டியின் முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து பிரேக் டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோனேன். ஒரு சாண் தூரத்துக்குள் கையை வைத்திருக்க முடியவில்லை.

"மலையில இருந்து எறங்குனா சுடத்தானம்மா செய்யும்" என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே.

"கியர்லதான எறக்குனீங்க?"

"பின்ன?"

"நியூட்ரல்ல விட்டு வரலையே?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நேத்து ஸ்டியரிங் புடிச்சவன்ட்ட கேக்குறதை என்ட்ட கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், ஆனால் இறக்கத்தின் பாரம் மொத்தமும் பிரேக்கின் தலையில்தான் விழும். இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான் கவனித்தது அதைத்தான்.

இப்படிக் கவனிப்பது எனக்குப் பிறவிக் குணம் இல்லை. நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் லாரிகளுக்கு சர்வீஸ் செய்யும் ஒரு பெரிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, சூப்பர்வைசர் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன். இன்ஜினைப் பற்றி அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன். அதைவிட அதிகமாக, "செக் பண்ணியாச்சு மேடம்" என்று சொல்கிறவனின் விரலில் கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். பாதிப் பேர் விரல் சுத்தமாக இருக்கும். வேலையை விட்டுவிட்டு, ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒருவரிடமிருந்து பழைய லாரி ஒன்றை வாங்கி, அதில் சாய்கிற தட்டும், கயிறு சுற்றி இழுக்கிற வின்ச்சும் பொருத்தி, திண்டுக்கல் பைபாஸ் ஓரமாக ஷெட் போட்டபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

மறுநாள் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே லைனிங் கண்ணாடிபோலப் பளபளத்தது. டிரம்மின் உட்பக்கத்தில் ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தது. அளவுக்கு மீறிச் சூடேறினால்தான் இரும்பு இப்படி நீலம் பாயும். கொஞ்ச தூரம் கூடுதலாக இறங்கியிருந்தால் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் போயிருக்கும். புது லைனிங் அடிக்கும்போது பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரிவெட் ஒவ்வொன்றையும் பார்த்தேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

எக்ஸாஸ்ட் பிரேக் வைத்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற குழாயின் நடுவில் ஒரு வட்டத் தகடு. காற்றழுத்தத்தில் அந்தத் தகடு திரும்பிக் குழாயை மூடும். புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறும். கியரில் இருக்கிற வண்டியை அந்தத் திணறலே பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். சக்கரத்தில் இருக்கிற பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். மலைக்குப் போகிற லாரிகளில் சாதாரணமாக இருப்பதுதான்.

அளவு எடுக்க வண்டிக்கு அடியில் படுத்தபோதுதான் ஒன்றைப் பார்த்தேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைநீளத்துக்கு வெறும் குழாயை வைத்து வெல்டிங் செய்திருந்தது. குழாயின் மற்ற பகுதியெல்லாம் துருப்பிடித்துச் செம்பழுப்பாக இருக்க, அந்தத் துண்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. காற்று வருகிற சின்ன டியூப்பை மடக்கிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆக, இந்த வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்திருக்கிறது. யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள்.

வண்டியை விற்றவருக்கு உடனே போன் போட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, நாங்க வாங்கும்போதே அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார்.

"நீங்க வாங்கும்போது அடியில படுத்துப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாக்கலீங்க."

"அப்புறம் எப்படி அப்போதே அப்படி இருந்துச்சுன்னு சொல்றீங்க?"

"சிக்னல் சரியில்லீங்க" என்று வைத்துவிட்டார். பெரிய விபத்து எதையோ மறைத்து இந்த வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்று மாலைவரை வண்டியின் இரும்புச் சட்டம் நெடுக டார்ச் அடித்து, வளைவோ ஒட்டுப்போட்ட இடமோ இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. இல்லாததும் எனக்கு நிம்மதி தரவில்லை.

தகடும் அதன் கூடும் பேகம்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தன. கடைக்கார பாய் அதைச் சாக்கு விரித்து வைத்தார். நான் தகட்டின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். மூடிவிட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்து, ஓரத்தில் வெளிச்சம் எவ்வளவு கசிகிறது என்று பார்த்தேன். அடியோடு அடைக்கிற தகடு ஆபத்து. இன்ஜினின் வால்வுக்கே கேடு வந்துவிடும். கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். இருந்தது. பிறகு கூட்டின் பக்கவாட்டில் இரும்பு அறுக்கிற கிரைண்டர் ஓடிய தழும்பைக் கண்டேன். திருட்டுச் சாமானின் நம்பரை அழித்திருப்பார்களோ?

"இது எந்த வண்டில இருந்து எடுத்தது பாய்?"

"என்ன தங்கச்சி, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி இம்புட்டுக் கேள்வி கேக்குறீங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள வாங்க."

கடைக்குப் பின்னால் பாதி பிரித்துப்போட்ட லாரி ஒன்று நின்றது. என் வண்டியின் இன்ஜின் மாடல்தான் அதிலும். குழாயின் வாயில் அறுத்தெடுத்த போல்ட்டுகளின் மிச்சம் இருந்தது. கிரைண்டர் ஓடிய தழும்பு அதிலும் அதே பக்கத்தில். நான் கூட்டை எடுத்து அங்கே வைத்துப் பார்த்தேன். தழும்போடு தழும்பு சேர்ந்து ஒரே கோடாக ஓடியது.

"திருப்தியா?" என்று கேட்டார் பாய். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பொருத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நானும் என் கணவரும் ஷெட்டுக்கு வந்துவிட்டோம். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் சொன்ன இடத்தில் சொன்னபடி டார்ச் அடிப்பார். அது எல்லாருக்கும் வராத திறமை. நான் ஷெட்டில் கிடந்த பழைய சுடிதார் ஒன்றைப் போட்டு, துப்பட்டாவுக்குப் பதில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடியில் போனேன். டிரைவர் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன். வந்தார். சாக்கின் மேல் கிடந்த தகட்டையும் கூட்டையும் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"மலையில எறங்கையில பிரேக் சூடாகாம இருக்க. நீங்க கஷ்டப்பட வேணாம்ல."

அவர் முகம் ஏனோ சுருங்கியது. "எனக்கு வயிறு சரியில்லம்மா. நான் வாரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வயிறு சரியில்லாதவர் அந்த வேகத்தில் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததில்லை.

குழாயின் நட்டுகளை முந்தின நாளே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன். அப்படியும் ஒன்று அசையவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இழுத்ததில் முறிந்தேவிட்டது. முறிந்ததை டிரில் போட்டு எடுப்பதற்குள் என் கண்ணிலும் வாயிலும் துருத்தூள். பழைய ஒட்டுக் குழாயை அறுத்தெடுத்து, கசிவை அடைக்கிற புது கேஸ்கெட் வைத்து, கூட்டைப் பொருத்தி, தகடு எங்கும் உரசாமல் திரும்புகிறதா என்று கையால் பலமுறை திருப்பிப் பார்த்தேன். காற்றை, சக்கர பிரேக்குக்கான டேங்கிலிருந்து எடுக்காமல், ஹாரன் முதலியவற்றுக்கு இருக்கிற தனி டேங்கிலிருந்து எடுத்தேன். இந்த டியூப் வெடித்தாலும் பிரேக்குக்குக் காற்று குறையக் கூடாது. கரண்ட் வந்தால் காற்றைத் திறந்துவிடுகிற சோலினாய்டு வால்வையும், கிளச்சையோ ஆக்ஸிலேட்டரையோ மிதித்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற சின்ன சுவிட்சுகளையும் புதிதாக வாங்கியிருந்தேன்.

அதாவது, டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே பிரேக் தானாகப் பிடிக்கும். கிளச்சை மிதித்தால் விட்டுவிடும். இன்ஜின் வேகம் ரொம்பக் குறைந்தாலும் விட்டுவிட ஒரு ரிலே வைத்தேன்.

"மெயின் சுவிட்ச் எங்க வைக்கப் போற?" என்று கணவர் கேட்டார்.

"பேனலுக்குப் பின்னாடி."

"அங்க டிரைவருக்குக் கை எட்டாதே."

"எட்டக் கூடாது."

டார்ச் கொஞ்சம் ஆடியது. "பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"அவர் கையில குடுத்தா அணைச்சு வச்சிட்டு நியூட்ரல்ல விட்டு வருவாரு. மிச்சமாகிற டீசல் எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?"

"அவரையே கேட்டுரலாம்ல?"

"கேட்டா சொல்லிருவாரா?"

மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. நத்தம் ரோட்டில் ஒரு சின்ன இறக்கத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் கனரக வாகன லைசென்ஸ் இருக்கிறது. பட்டறையில் வேலை பார்த்தபோது எடுத்தது. காலை எடுத்ததும் அடியிலிருந்து கரகரவென்று ஒரு உறுமல் எழுந்து, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வண்டி மட்டுப்பட்டது. என் கணவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. என் கையால் செய்த ஒரு பொருள் சொன்னபடி கேட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நாள் அனுபவித்தேன்.

கொஞ்ச நாள்தான். அடுத்த தடவை மலையிலிருந்து வண்டி வந்தபோது அதே நாற்றம். அடியில் படுத்துப் பார்த்தால், சோலினாய்டுக்குப் போகிற வயரின் பிளக் கழன்று தொங்கியது. நான் சரியாக மாட்டவில்லையோ என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மாட்டிவிட்டு, பிளக் சேர்கிற இடத்தில் என் நகப்பாலிஷால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பட்டறையில் போல்ட்டுகளை இறுக்கியதும் பெயிண்டால் இப்படித்தான் கோடு போடுவோம். யாராவது கை வைத்தால் கோடு உடைந்துவிடும். அடுத்த மலைப் பயணம் முடிந்து பார்த்தபோது பிளக் மாட்டியிருந்தது. கோடு உடைந்திருந்தது. மலை ஏறும் முன் அண்ணன் கழற்றி, ஷெட்டுக்கு வரும் முன் மாட்டியிருக்கிறார்.

அந்த நாட்களில் என் தலைக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். பைபாஸில் புதிதாக இன்னொரு ரெக்கவரி வண்டி வந்திருந்தது. அதன் ஓனரும் எங்கள் அண்ணனும் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஸ்கூட்டரை நிறுத்தியதும் பேச்சு நின்றது. "வாங்கம்மா, டீ சாப்டுறீங்களா?" என்றார் அண்ணன், அளவுக்கு அதிகமான மரியாதையோடு. என் வண்டி அடிக்கடி பட்டறையில் படுத்தால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

அவரிடம் கேட்கவில்லை. கூடவே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

சிறுமலைக்கு மேலே ஒரு குடும்பத்தின் கார் நின்றுவிட்டது என்று ஒரு காலையில் போன் வந்தது. "நானும் வாரேன்" என்று ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து, வனத்துறை செக்போஸ்ட் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக ஏறினோம். மேலே போகப் போக மேகம் இறங்கி வந்தது. தூறல் பிடித்தது. கடைசி வளைவுகளுக்குப் பக்கத்தில் இருந்தபோது அந்தக் குடும்பத்துக்காரர் மறுபடி கூப்பிட்டார். கார் ஸ்டார்ட் ஆகிவிட்டதாம், வர வேண்டாமாம். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பினோம். தட்டில் ஒன்றும் இல்லை. காலி வண்டி.

"செத்த நேரம் நிறுத்துங்கண்ணே" என்றேன். இறங்கி, தூறலில் அடியில் குனிந்தேன். நினைத்தபடியே பிளக் கழன்றிருந்தது; நான் ஏறுவதற்கு முன்பே ஷெட்டில் கழற்றியிருக்கிறார். மாட்டினேன். அவர் பார்க்கும்படியாகவே மாட்டினேன்.

நிமிர்ந்தபோது அவரும் இறங்கி நின்றிருந்தார். துண்டால் தலையை மூடியிருந்தார்.

"அதக் கழட்டிருங்க தாயி."

"எதுக்கு?"

"கழட்டிருங்க. மழை பேயுது."

"மழைக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்? மழைனா இன்னும் நல்லாப் பிரேக் பிடிக்க வேணாமா?"

அவர் சாவியை என்னிடம் நீட்டினார். "அப்ப நீங்களே ஓட்டுங்க. நான் ஓட்டல."

கையும் களவுமாகப் பிடிபட்டவரின் பிடிவாதம் இது என்றுதான் அப்போது நினைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் ஏறி, கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

முதல் வளைவு ஒழுங்காகக் கடந்தது. இரண்டாவது வளைவில் மரங்கள் கவிந்து, ரோடு முழுக்க நனைந்த இலைகள் படிந்து கிடந்தன. இரண்டாம் கியரில் இருந்தேன். வளைவுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைக்க ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், எல்லாரும் செய்வதுபோல. அடியிலிருந்து உறுமல் எழுந்தது. அடுத்த நொடி பின்பக்கம் என்னுடைய வண்டியாக இல்லை. ஸ்டியரிங்கை நான் இடப்பக்கம் திருப்பியிருக்க, வண்டியின் முதுகு வலப்பக்கம் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. எண்ணெய்ச் சட்டியில் கால் வைத்ததுபோல இருந்தது. என் கால் தன்னாலே பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கத் தொடாத! கிளச்ச மிதி! கிளச்ச மிதி!"

அவர் என்னிடம் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. கிளச்சை மிதித்தேன். உறுமல் நின்றது. உருளாமல் இறுகியிருந்த பின்சக்கரங்கள் மறுபடி உருள ஆரம்பித்ததை இடுப்பில் உணர்ந்தேன். வண்டி நேரானது, நேராவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. பின்சக்கரம் மலையோரத்து வாய்க்காலில் தடாலென்று இறங்கி நின்றது. அந்த வளைவின் வெளிப்பக்கம் மலை. அதற்கடுத்த வளைவாக இருந்திருந்தால் வெளிப்பக்கம் முழங்கால் உயரக் கட்டைச்சுவர், அதற்கப்பால் வெறும் மேகம்.

வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, நடந்ததை ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

நான் சக்கர பிரேக்கை மிதிக்கவே இல்லை. வேகமும் இல்லை. ஆக, இழுத்துப் பிடித்தது நான் பொருத்திய பிரேக்தான். எக்ஸாஸ்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்; பாரம் இல்லாத பின்பக்கம், வழுக்குகிற ரோடு. படிப்பில் இது இருந்தது. என் கண்ணுக்கு முன்னால் இருந்ததெல்லாம் டிரைவரின் கால் மட்டும்தான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் தேனிப் பக்கம் ஒருவரிடம் லாரி ஓட்டியிருக்கிறார். அந்த ஓனரும் இதேபோலத் தானாகப் பிடிக்கும்படி வைத்திருந்தாராம். மழையில், சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக மலை இறங்கும்போது பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்ப் பாறையில் அடித்திருக்கிறது. பின்னால் தார்ப்பாய்க்குள் தூங்கிய கிளீனருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறாராம்.

"குடிச்சிட்டு ஓட்டுனேன்னு சொன்னாரு ஓனரு. நான் குடிக்கல தாயி. வாயை ஊதச் சொன்னாங்க. வாசம் வரலன்னதும், மாத்திரை போட்டிருப்பான்னாங்க. பிரேக்கு தானாப் புடிச்சுச்சுன்னு சொன்னேன். பிரேக்கு புடிக்கத்தான்டா இருக்குன்னு அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க." துண்டைப் பிழிந்தார். "நீங்க படிச்சுட்டு வந்து, அடியில படுத்து, ஆசையாச் செஞ்சிருக்கீங்க. வேணாம்னா, டீசல் திருடத்தான் வேணாங்கிறான்னு நெனைப்பீங்க. நெனைச்சீங்கள்ல?"

"நெனைச்சேன்" என்றேன்.

"தெரியும்."

நான் இறங்கிப்போய் வளைவில் இலைகளைப் பார்த்தேன். இரண்டு பின்சக்கரங்களும் உருளாமல் இழுபட்ட தடம், துடைப்பத்தால் கூட்டியதுபோல வழித்துக்கொண்டு போயிருந்தது. அவர் சொன்னதை நம்பிவிட்டுத்தான் போனேன். இருந்தாலும் பார்த்தேன்.

வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று மேலிருந்து வந்து எங்கள் பின்னால் நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏக்கா, ரெக்கவரி வண்டியவே ரெக்கவரி பண்ணணுமா?" என்று ஒருவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார். அண்ணன் அவரையே இறக்கி, எங்கள் வின்ச் கயிற்றை எதிர்ப்பக்கத்து மரத்தில் சுற்றச் சொன்னார். எங்கள் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வாய்க்காலிலிருந்து ஏறியது. நான் பிளக்கைக் கழற்றினேன். ஸ்டியரிங்கில் அவர் உட்கார்ந்தார். முதல் கியரில், ஊர்வலம்போல இறங்கினோம்.

வழியில், முன்பு இந்த வண்டியிலிருந்து தகட்டை யாரோ கழற்றி வைத்திருந்ததைச் சொன்னேன். "என்னைய மாதிரி எவனோ ஒருத்தன்" என்றார். நியூட்ரல் விஷயத்தையும் கேட்டேன். "மலையில சத்தியமா இல்ல. கீழ, நேர் ரோட்டுல, எப்பயாவது..." என்று இழுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகத்தில் கொஞ்சமாவது சரியாக இருந்ததே என்று ஓர் அற்பத் திருப்திதான் வந்தது.

அந்த வாரமே வயரிங்கை மாற்றினேன். ஆக்ஸிலேட்டர் சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு, கிளச்சுக்கு இடப்பக்கம் தரையில் குதிகாலால் அமுக்குகிற பொத்தான் ஒன்றைச் சேர்த்தேன். அமுக்கினால்தான் பிடிக்கும், காலை எடுத்தால் விடும். பேனலுக்குப் பின்னாலிருந்த மெயின் சுவிட்சை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். இந்தத் தடவை அண்ணனுக்கு வயிறு சரியாக இருந்தது. அடியில் என் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்து, "இந்தப் பிளக்கு ரொம்ப லேசாக் கழலுது தாயி, நல்லதா ஒண்ணு போடுங்க" என்றார். அதை அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கொடைக்கானலிலிருந்து ஒரு பெரிய வேனை ஏற்றி இறக்கும் வேலை வந்தபோது நானும் போனேன். நல்ல வெயில், காய்ந்த ரோடு, தட்டில் கனமான பாரம். முதல் இறக்கத்திலேயே அவர் பொத்தானை அமுக்கினார். உறுமல் எழுந்தது. அவர் தோள்கள் காதுவரை உயர்ந்தன. பின்பக்கம் அசையவில்லை. விட்டார். மறுபடி அமுக்கினார். டம்டம் பாறை தாண்டும்போது தோள்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. வத்தலக்குண்டு வருவதற்குள், பொத்தானை எங்கே அமுக்க வேண்டும், எங்கே கூடாது என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வழி முழுக்க நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய இடது காலைத்தான் பார்த்தேன். அது அவருக்கும் தெரியும்.

டீக்கடையில் அந்த ஓனரோடு என்ன பேசினார் என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "மழையப் பத்தித்தான்" என்றார். அவர்கள் பேசியது மழையே இல்லாத மாதத்தில். தன்னிடம் வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரோ அந்த ஓனர் என்று தோன்றியது. வேலையை விட்டுப் போகவில்லை, இன்றைக்கும் என்னிடம்தான் ஓட்டுகிறார்.

சமீபத்தில் ஒரு மதியம் மலைமேலிருந்து கூப்பிட்டார். காரை ஏற்றிவிட்டதாகவும், மழை பிடித்துக்கொண்டதாகவும், விட்ட பிறகுதான் இறங்கப்போவதாகவும் சொன்னார். கார்க்காரர் போனைப் பிடுங்கி, தனக்கு நேரமாகிறது, உங்கள் டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறார் என்று கத்தினார். நான் ஷெட் வாசலில் நின்றிருந்தேன். பைபாஸில் தார் உருகுகிற வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. போனில் மழைச் சத்தம் கேட்கிறதா என்று காதை அழுத்தி வைத்துப் பார்த்தேன். கார்க்காரரின் சத்தம்தான் கேட்டது.

"அவர் எப்ப எறங்கலாம்னு சொல்றாரோ அப்பதான் சார் வண்டி எறங்கும். அவர்ட்டக் குடுங்க" என்றேன். அண்ணன் வாங்கியதும், "நின்னு, மழை விட்டே வாங்கண்ணே" என்று சொன்னேன்.

பொழுது சாயும்போது வண்டி வந்தது. அவர் காரை இறக்கிக்கொண்டிருக்கையில், பின்சக்கரத்தின் உட்பக்கம் குனிந்து ஈரமும் சேறும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் செய்தேன். இருந்தது.